ஒரு பை ஆவாரம்பூ

சனிக்கிழமை மாலை நாலு இருபதுக்கு என் மகள் டம்ளரோடு சமையலறையிலிருந்து வந்து, "அப்பா கொண்டுவந்த ஆவாரம்பூல டீ போட்டேன். கொள்ளாம், நல்லாருக்கு" என்று நாக்கைச் சப்புக்கொட்டினாள். பாதி குடித்திருந்தாள். டம்ளரைப் பிடுங்கிக் கீழே வைத்தேன்.

காரணம் அந்தப் பூவை நான் பறித்த லட்சணம். அதற்கு முந்தின மாதம் திருநெல்வேலியிலிருந்து திரும்பும்போது, ஆரல்வாய்மொழி மலைச்சரிவில் ஆவாரை பூத்திருந்தது. பாறை இடுக்கில், மண்ணென்று சொல்ல எதுவுமில்லாத இடத்தில், இடுப்புயரம் நின்று மஞ்சளாகப் பூத்துத் தள்ளும் செடி. மனைவிக்கு அந்தப் பக்கம்தான் ஊர். ஒரு பை கேட்டிருந்தாள். பத்து நிமிடத்தில் எனக்கு மூச்சு வாங்கியது, பையோ பாதிதான். பாதிப் பையோடு போனால் சிரிப்பாள். கீழே சாலையோர வேலியிலும் ஏதோ மஞ்சளாகப் பூத்திருந்தது. மஞ்சள்தானே என்று அதையும் பறித்து நிரப்பினேன். எம்.எஸ்ஸி. படித்தவன் நான்.

வேலியில் நின்றது மஞ்சள் அரளியோ என்ற எண்ணம் இப்போதுதான் வந்தது. அரளி இதயத்தையே நிறுத்திவிடும். மனைவி பூவைக் காயவைத்துப் போட்டிருந்த டப்பாவைச் செய்தித்தாளில் கொட்டினேன். காய்ந்து சுருண்ட பூ ஒவ்வொன்றும் அரளியாகவே தெரிந்தது. மனைவிக்குப் போன் செய்தேன், சமையலறையில் மணியடித்தது. போனை வைத்துவிட்டுச் சாலைக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள்.

"நெஞ்சு படபடன்னு அடிக்குதா மோளே?"

"எனக்கு ஒரு குழப்பமும் இல்லப்பா. உங்களப் பாத்தாத்தான் பேடியா இருக்கு." பயமாம்; பள்ளிக்கூடத்து மலையாளம்.

பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, டப்பாவோடு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். என்ன பூ என்று டாக்டர் கேட்டார். "மஞ்சள்" என்றேன். எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஈசிஜி சரியாக இருந்தது. ஆனால் குடித்தது என்னவென்று தெரியாமல் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்றார். நர்ஸ் எனக்கும் பிரஷர் பார்த்தார்; எகிறியிருந்தது என்னுடையதுதான்.

மகள் ஒயர்களோடு படுத்துப் போன் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் ஓடிய பச்சைக் கோடு ஒவ்வொரு முறை கீழே இறங்கும்போதும் திரும்ப ஏறுமா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தக் கோடுதான்.

ஆறு மணிக்கு மனைவி காய்கறிப் பையோடு வந்தாள். மகளின் நெற்றியைத் தொட்டாள். டப்பாவில் கைவிட்டு அளைந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதுல உள்ளது பூராவும் ஆவாரந்தான். நீங்க கொண்டாந்த அரளிய அன்னைக்கே பெறக்கி வெளிய கொட்டியாச்சு. சொன்னா மொகம் வாடிப்போவுமேன்னு சொல்லல, கேட்டியளா?"