வகுப்புக்கு வந்திருந்த பள்ளி அதிபர்

இன்று எங்கள் பகுதியான டோர்செட் பார்க்கில் ஒரு தமிழ்க் கடையில் மரக்கறி எடுத்துக்கொண்டு நின்றேன். என் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா கிட்ட வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ரீச்சர், உங்களுக்கு ஏதும் பிரச்சினையோ? பிறின்சிப்பல் வகுப்பில பின்னால இருந்து எல்லாத்தையும் எழுதினவராம். மகளுக்கு ஒரே கவலை."

"இல்லை அக்கா. புது ரீச்சர்மாரை முதல் வருசம் ரெண்டு தரம் அப்பிடி வந்து பாப்பினம். ரெண்டிலயும் பாஸ் பண்ணவேணும்."

"பாஸோ?"

"முதல் தரம் ஓம். மற்றது இனித்தான்."

அவர் யோசித்தார். "எப்ப எண்டு சொல்லுங்கோ. அண்டைக்கு இவளை வாய் திறக்காமல் இருக்கச் சொல்லுறன்."

"ஐயோ வேண்டாம் அக்கா. இவள் கேட்ட கேள்வியளாலதான் வகுப்பு நல்லாப் போனது எண்டு பிறின்சிப்பலே சொன்னவர்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது.

ஆசிரிய நண்பர்களே, உங்களைப் பற்றி மாணவர்களின் வீடுகளுக்கு என்ன செய்தி போயிருக்கிறது என்று விசாரித்தீர்களா?