செத்த ராசாவுக்குக் குலவை

சொந்தப் பேரனே நம்ப மாட்டேங்கிறான் பேச்சி, நீயாச்சும் நம்பு. ஒத்தக்கடைக் கொட்டகையில இப்ப ஓடுற படத்துல, ராசா சாகுறப்ப பொம்பளைக குலவை போடுறாகள்ல, அதுல ஒருத்தி நாந்தேன்.

ஆனமலை அடிவாரத்துலதேன் படம் பிடிச்சாக. பாண்டிய ராசா கதையாம். ராசா காலுல துரைமாரு போடுற பூட்சு. பட்டாளத்துக்குக் கத்தி பத்தாம நம்மூரு ஆளுக கருதறுவாளோட சண்ட போட்டாக. செயிச்சவனும் தோத்தவனும் அதே ஆளுகதேன், தலப்பாவ மட்டும் மாத்திக்கிட்டாக.

ராசா வேசங்கட்டுனவரு ஒல்லி, முருங்கக்கா மாதிரி இருப்பாரு. ஒட்டு மீச வேர்வையில எறங்கிரும்னு வெரலால அமுத்திக்கிட்டே நிப்பாரு. குத்துப்பட்டு விழுந்தப்பக்கூட மீசையப் பிடிச்சுக்கிட்டுதேன் செத்தாரு.

எங்கள ஒப்பாரி வைக்கச் சொன்னாக. ஒருத்தியும் வாயத் தெறக்கல. செத்துக் கெடந்த ராசா ஒத்தக் கண்ண முழிச்சு, "அழுங்காத்தா. வெயிலு போயிட்டா படத்தையே நிறுத்திருவாக, நாளைக்குப் பிடிக்கக் காசில்ல"ன்னாரு.

"உசுரோட இருக்குற பிள்ளைக்கு ஒப்பாரி வச்சா ஆயுசு கொறஞ்சிரும்யா, நான் மாட்டேன்"னேன்.

"அப்ப ஆயுசு கூடுறதுக்கு என்ன செய்வீக?"ன்னாரு.

போட்டோம் பாரு குலவை, மலையே திருப்பிச் சொல்லுச்சு. அதையே படத்துல வச்சுட்டாக. கொட்டகையில சனம், ராசா சொர்க்கத்துக்குப் போறாருன்னு கையெடுத்துக் கும்பிடுது. செத்தவரு உதட்டோரம் சிரிக்கிறது எனக்குல்ல தெரியுது.

இப்ப எந்த ஊருல எந்த ராசாவாச் சாகுறாரோ. அங்கன குலவை போட ஆளிருக்கணுமே... இரு பேச்சி, கோழி நெல்லுல எறங்கிருச்சு, வெரட்டிட்டு வாரேன்.