அட்மின் பிச்சம்மாள்

பிச்சம்மாள் பிறந்தது நாகர்கோவில் பக்கம். கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தவள், வலியசாலையில் சேஷன் சார் நடத்தும் வாடகைப் பாத்திரக் கடையில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். எந்தக் கல்யாணத்துக்கு எத்தனை அண்டா, எத்தனை உருளி, என்றைக்குப் போகவேண்டும் என்பதெல்லாம் முதலில் அவள் தலைக்குள் இருந்தது. பிறகு நான்கு கம்ப்யூட்டர்களுக்குள் போயிற்று.

அவற்றைப் பூட்டியவர் சேஷன் சார்தான். மூன்று வருடத்துக்கு முன், எங்கோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டருக்குள் கள்ளன் புகுந்துவிட்டதாகப் பேப்பரில் படித்தார். அன்றே கதவைச் சாத்திக்கொண்டு, நான்கிலும் தன்னை மட்டும் அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்கிக்கொண்டு பாஸ்வேர்டும் போட்டார். மற்றவர்கள் வேலை பார்க்கலாம். எதையும் மாற்ற முடியாது. பாஸ்வேர்டை எழுதி வைப்பது ஆபத்து என்பதால் அவர் எழுதி வைக்கவில்லை.

இந்தச் சித்திரையில் முன்னறைக் கம்ப்யூட்டருக்குள் கடிகாரத்தை ஓட்டும் பேட்டரி செத்துப்போனது. புதுசு போட வந்த ஆள் தேதியை இரண்டு நாள் கூட்டி வைத்துவிட்டுப் போய்விட்டான். திருத்தப் போனால் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்ட் கேட்டது.

"சாரே, பாஸ்வேர்ட் என்னது?"

"மறக்கலை. ஞாபகம் வரலை, அவ்வளவுதான்."

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்க அவளுக்குத் துணிவில்லை.

கரமனையில் ஒரு வீட்டுக்கு, கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே எட்டு அண்டா போய் இறங்கியது. பெண்ணின் அப்பா அண்டாக்களுக்கு நடுவில் பாய் விரித்துப் படுத்தார். அதற்குப் பிறகு பிச்சம்மாள் எந்தத் தேதியைப் பார்த்தாலும் இரண்டைக் கழித்தாள். நான்கு மாதம் நாளை மறுநாளிலேயே வாழ்ந்ததில், கழிக்க மறந்து ஒரு புதன்கிழமை முழுக்க வெள்ளிக்கிழமை விரதம் இருந்தாள். சாயங்காலம் புருஷன் சொல்லித்தான் தெரிந்தது. அடுத்த நாளே தம்பானூரிலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் ஸ்ரீஜித்தைக் கூப்பிட்டாள்.

"சேச்சி, பாஸ்வேர்ட் மறந்தா மூணு கேள்வி கேக்கும். சார் அன்னிக்கு என்ன பதில் போட்டாரோ அதையே போட்டா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்."

பிறந்த ஊர் என்ன? முதலில் படித்த பள்ளி எது? இரண்டையும் சேஷன் சார் கணீரென்று சொன்னார். மூன்றாவதைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. சின்ன வயதில் உங்களைச் செல்லமாக எப்படிக் கூப்பிடுவார்கள்?

"எல்லாரும் வெளியே போங்கோ" என்றார்.

கதவு சாத்தப்பட்டது. ஒரு மணி நேரம் உள்ளே தட்டும் சத்தம், 'சே!' என்று ஒரு குரல், மறுபடி தட்டும் சத்தம். உதவிக்குப் போன ஸ்ரீஜித்தையும் விரட்டிவிட்டார். பிச்சம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த சாரின் அக்கா விஜயம் மாமி வீட்டுக்குப் போனாள்.

விஷயத்தைக் கேட்டதும் மாமிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"கொழுக்கட்டை! பிள்ளையார் சதுர்த்திக்கு நைவேத்தியம் பண்றதுக்கு முன்னாடியே பதினொண்ணு தின்னுட்டான். எழுபது வயசுலயும் அதுக்கு வெக்கப்படறானா?"

பிச்சம்மாள் திரும்பி வந்தாள். தனக்குத் தெரிந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? பத்தொன்பது வருடத்தில் அவர் அவளிடம் சிரித்துப் பேசியதுகூட இல்லை. வேலை போனாலும் போகட்டும் என்று கதவருகே போய் நின்றாள்.

"சாரே... 'ழ'வுக்கு எல் போட்டீங்களா, இசட் எச் போட்டீங்களா?"

உள்ளே தட்டும் சத்தம் நின்றது. கதவு திறந்தது.

"விஜயமா சொன்னா?"

"ஆமா சார்."

"ரெண்டும் போட்டுப் பாத்தாச்சு" என்றார் அவர், பரீட்சையில் தோற்ற பையனைப் போல.

மூவரும் உட்கார்ந்து எழுத்துக்கூட்டினார்கள். ஒரு கே, இரண்டு கே. ஒரு டி, இரண்டு டி. ஒன்றும் ஆகவில்லை. "மலையாளத்துல கடைசியில 'ஐ' கிடையாதே, கொழுக்கட்டன்னுதானே பறயும்?" என்று ஸ்ரீஜித் வெறும் ஏ-யோடு முடித்தான். கம்ப்யூட்டர் புதுப் பாஸ்வேர்ட் கேட்டது. பிச்சம்மாள் கை தட்டிவிட்டாள்.

"ஒண்ணு முடிஞ்சுது சார். மத்த மூணும் இதே பதில்தானே?"

சேஷன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரே பதில் குடுத்தா கள்ளன் கண்டுபிடிச்சுடுவானே! ஒண்ணொண்ணுக்கும் வேற வேற பேரு வெச்சேன்."

இந்தத் தடவை அவர் யாரையும் வெளியே போகச் சொல்லவில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"எழுதிக்கோ. ரெண்டாவது, மூக்கன். மூணாவது, தவக்களை. நாலாவது காலேஜ்ல வெச்சது, கதவைச் சாத்திட்டு வா, சொல்றேன்" என்று சிரித்தார்.

மதியத்துக்குள் நான்கும் திறந்துவிட்டன. "இனிமே அட்மின் நீதான்" என்று அவர் சொன்னதை வண்டிக்காரர்கள் கேட்டுவிட்டார்கள். இப்போது அண்டா இறக்கிவிட்டு வருகிறவர்கள் அவளை அட்மின் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாலாவது பெயர் என்னவென்று விஜயம் மாமி இரண்டு தடவை போன் செய்து கேட்டாள். பிச்சம்மாள் சொல்லவில்லை.