உடையக் கூடாது என்று நான் கடைந்து கொடுத்த பின்

இன்று காலை செல்வராஜ் அண்ணன் என் பட்டறை மேஜையில் ஒரு துணிப்பையைக் கவிழ்த்தார்.

பல் உதிர்ந்த இரண்டு கியர்கள்!

கோயமுத்தூர் கணபதியில் சின்னதாக லேத் பட்டறை நடத்துகிறேன். அண்ணன் பவானிசாகர் அணையில் மோட்டார் படகில் மீன் பிடிப்பவர். (கோயமுத்தூரில் படகு மோட்டாரா என்று சிரிப்பவர்கள் சத்தி பஸ் ஏறிப் போய்ப் பார்க்கலாம்!)

போன மாதம் அவர் வந்தது ஒரு பின்னுக்காக.

மோட்டாரின் அடியில் சுற்றும் விசிறியைத் தண்டோடு பிணைக்கிற பின் அது. சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. அணையில் தண்ணீர் இறங்கிவிட்டால் மூழ்கிக் கிடக்கும் மரக்கட்டைகளில் விசிறி இடிக்கும். உடனே பின் உடையும்.

கையில் ஒரு பாக்கெட் வைத்திருந்தார்.

"அம்மணி, கம்பெனி பின்னு இப்ப கிடைக்கறதில்லீங்க. இது வேற ஆளுங்க செஞ்சது. நம்ம மோட்டாருக்குச் சேருமுங்களா?"

அளந்து பார்த்தேன். கச்சிதமாகச் சேர்ந்தது. ஆனால் பித்தளை!

"அளவு சரிங்ண்ணா. ஆனா பித்தளை எதுக்கு ஆவும்? நல்ல ஸ்டீல்ல நானே கடைஞ்சு தர்றேனுங்க. ஆயுசுக்கும் உடையாது!"

அவரும் பாக்கெட்டை என்னிடமே விட்டுவிட்டு, நான் கடைந்த இரண்டு ஸ்டீல் பின்களை வாங்கிப் போனார்.

அதை ஏன் பித்தளையில் செய்கிறார்கள் என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. (மெக்கானிக்கல் டிப்ளமோ வேறு!)

கட்டையில் இடித்தால் முதலில் உடைய வேண்டியது அந்தப் பின்தான். அது உடைந்தால் உள்ளே கியர் பிழைக்கும். அதற்காகவே மென்மையான உலோகத்தில் செய்கிறார்கள்.

என் பின் உடையவில்லை. கியர் போய்விட்டது.

முந்தாநாள் நடு அணையில், எதிர்க்காற்றில், அண்ணனும் அவர் மச்சானும் துடுப்புப் போட்டே கரை சேர்ந்திருக்கிறார்கள்.

"மன்னிச்சுக்குங்கண்ணா. தப்பு பண்ணிப்போட்டேன்."

"அட உடுங்க அம்மணி. உடையாதுன்னதும் ஆசைப்பட்டு வாங்கிட்டுப் போனது நாந்தானுங்களே."

திட்டியிருந்தால் தேவலை.

"இந்தக் கியர் ரெண்டையும் நானே செஞ்சு குடுத்தர்றேனுங்க," என்றேன்.

சற்றுத் தயங்கினார்.

"வேண்டாமுங்க. மாடல் நம்பர் பாத்தே வாங்கிக்கலாமுங்க."

அத்தனை மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கியர் பற்களை எண்ணி, மோட்டார் தகட்டில் இருந்த நம்பரைப் போட்டோவில் பார்த்து, கொச்சியில் ஒரு கடையைப் பிடித்தோம். பொருள் வர பத்து நாளாகுமாம். அதுவரை அண்ணனுக்குத் துடுப்புதான்.

கிளம்பும்போது கேட்டேன். "இன்னொரு பின்னு எங்கீங்கண்ணா?"

"அது பக்கத்துப் படகு மாரிமுத்துக்குக் குடுத்துப்போட்டனுங்க. கணபதி அம்மணி செஞ்சது, இரும்பாட்டம் நிக்கும்னு நாந்தான் சொன்னேன்..."

சொல்லும்போதே அவர் முகம் மாறிவிட்டது.

மாரிமுத்துவின் போன் கிடைக்கவில்லை. பித்தளைப் பின்களை எடுத்துக்கொண்டு, பட்டறையைச் சாத்திவிட்டு, என் வண்டியிலேயே இருவரும் பறந்தோம்!

நாங்கள் போனபோது மாரிமுத்து படகோடு நடு அணையில் இருந்தார். கரையில் ஒரு மணி நேரம் நின்றேன். மோட்டார் சத்தம் கொஞ்சம் மாறினாலும் தண்ணீர் ஓரம்வரை ஓடிப்போய்ப் பார்த்தேன்.

நல்லபடியாக வந்து சேர்ந்தார் மாரிமுத்து. நான் ஸ்பேனரோடு குனிவதைப் பார்த்து அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஏனுங்க, நல்லாத்தானுங்க ஓடுது! எதுக்குங்க மாத்தறீங்க?"

பதில் சொன்னது செல்வராஜ் அண்ணன்தான். என்னைக் காட்டிக் கொடுக்காமல், "அளவுல ஒரு சின்னத் தப்பாமப்பா," என்றார்.

அளவில் எந்தத் தப்பும் இல்லை. நண்பர்களே, உங்களில் யாருக்காவது இதே மாதிரி 'கெட்டியாக' எதையாவது மாற்றிக் கடைந்து கொடுத்திருக்கிறேனா?

கமெண்டில் சொல்லுங்கள். நானே வந்து கழற்றுகிறேன்.