சிரிஞ்சை அழுத்தச் சொன்ன குரல்

என் அண்ணிக்குப் பொய் சொல்ல வராது. சீட்டாட உட்கார்ந்தால் கையில் என்ன இருக்கிறதென்று முகமே காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் அடித்துச் சொல்கிறேன், இது நடந்தது.

அவர் நர்ஸ். ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பட்டப்பகல். வலிப்பு வந்த மனைவியைத் தூக்கிக்கொண்டு ஒருவன் ஓடிவந்தான். முதல் ஊசியில் உதறல் அடங்கியது. மறுபடி வராமலிருக்க இன்னொரு மருந்து. அதை நரம்பில் மெல்ல மெல்லத்தான் செலுத்த வேண்டும். அவசரப்பட்டால் ரத்த அழுத்தம் விழும், இதயமே நின்றுபோகலாம் என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். கணவன் வெளியே பெஞ்சில்.

அண்ணி மருந்தை சலைனில் கலந்து பெரிய சிரிஞ்சில் எடுத்தார். ஒரு கண் சிரிஞ்சில், ஒரு கண் இதயத்துடிப்பு காட்டும் மானிட்டரில்.

பீப்... பீப்... பீப்...

"சீக்கிரம் போடும்மா."

பெண் குரல். கதவருகிலிருந்து. நோயாளியின் அம்மா வந்துவிட்டார் போல என்று நினைத்தார்.

"மெதுவாத்தாம்மா போடணும். வெளிய உட்காருங்க," என்றார், திரும்பாமல்.

"சீக்கிரம்..."

இப்போது கட்டிலின் கால்மாட்டில். காலடிச் சத்தமே கேட்கவில்லை.

அண்ணி நிமிர்ந்தார். யாரும் இல்லை. கதவு சாத்தியபடியே இருந்தது.

பாதி மருந்தோடு அந்தப் பெண்ணை விட்டுவிட்டு ஓடவும் முடியாது.

"என் புள்ளம்மா..."

காதோரம். சூடான மூச்சு.

கட்டைவிரல் தானாக அழுந்தியது.

பீப்...... பீப்.........

அண்ணி வெடுக்கென்று கையை எடுத்தார். மருந்து நின்றது. டாக்டரைக் கூப்பிட்டார்.

பீப்...

பீப்.

பீப். பீப்.

டாக்டர் ஓடிவந்தார். துடிப்பு சீரான பிறகு, அவர் பக்கத்தில் நின்று பார்க்க, மிச்ச மருந்து சொட்டுச் சொட்டாக ஏறியது. அறையில் வேறு குரல் இல்லை. சாயங்காலம் அந்தப் பெண் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள்.

அண்ணி நடந்ததைச் சொன்னதும் தலைமை நர்ஸின் முகம் வெளிறிப்போனது. சில வருடங்களுக்கு முன் அதே அறையில் வலிப்பு வந்த மகனோடு ஓர் அம்மா இருந்தாராம். அவர் கெஞ்சியது தாங்காமல் அன்றைய நர்ஸ் இதே மருந்தை ஒரே மூச்சில் செலுத்திவிட்டாளாம். பையன் பிழைக்கவில்லை.

"அந்தம்மா எப்ப இறந்தாங்க?" என்று அண்ணி கேட்டார்.

"இறக்கலையே. அடுத்த தெருவுலதான் இருக்காங்க. புள்ள போன நாள்லேருந்து அவங்க வாயில ஒரு சத்தம்கூட வரலை, அவ்வளவுதான்."