ஊசி முனையில் ஒரு சொட்டு

சிங்கப்பூரில் உணவுப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். டீ, பழச்சாறு, செவ்வந்திப் பூ பானம் என்று வருகிற போத்தல்களில் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. அப்போது எங்கள் என்றால் நானும், பக்கத்து மேசையில் இருந்த அவரும். அவர் மலேசியாவின் ஜொகூர் பாருக்காரர். விடியும் முன்பே கிளம்பிக் கடற்பாலத்தைத் தாண்டி வருவார். நான் பாலத்துக்கு இந்தப் பக்கம் உட்லண்ட்ஸில்தான் இருந்தேன். ஆனாலும் எனக்கு முன்னால் அவர் வந்திருப்பார்.

சிரிஞ்சு ஊசியைப் பானத்துக்குள் இறக்கி, அதன் முனையில் கரைப்பானைக் கடுகளவு சொட்டாகத் தொங்கவிட வேண்டும். சுற்றிலும் பானம் மெதுவாகச் சுழலும். கால் மணி நேரத்தில் மருந்து அந்தச் சொட்டுக்குள் சேர்ந்துவிடும். பிறகு சொட்டை ஊசிக்குள் இழுத்து குரோமட்டோகிராஃப் கருவியில் செலுத்துவோம். அது ஒவ்வொன்றையும் பிரித்துத் திரையில் முகடுகளாகக் காட்டும். நடுவில் சொட்டு விழுந்தால் எல்லாம் முதலிலிருந்து.

என் சொட்டுதான் அடிக்கடி விழும். “பரவால்ல லா, இன்னொன்னு போடுங்க,” என்பார். அந்தக் கால் மணி நேரமும் கண்ணை எடுக்க முடியாது. அதனால் முகம் பார்க்காமலே பேசுவோம். அவர் வீட்டு ரம்புத்தான் மரம், என் அப்பாவின் முழங்கால் வலி, தேக்காவில் எந்தக் கடைத் தோசை நல்லது என்று. அப்படி நான் வேறு யாரிடமும் பேசியதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, என் சொட்டு தொங்கிக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

“அடுத்த சனிக்கிழமை ஜேபில எங்க வீட்டுக்கு வர முடியுமா? அம்மா உங்களப் பாக்கணும்ங்கிறாங்க.”

“இருங்க, இது முடியட்டும்,” என்றேன்.

அன்று திரையில் ஒரு முகடு வரம்பைத் தாண்டி எழுந்தது. அப்படி வந்தால் திரும்பத் திரும்பச் செய்து உறுதிப்படுத்த வேண்டும், மேலதிகாரிக்குச் சொல்ல வேண்டும். முடிப்பதற்குள் அவருக்கு பஸ் நேரமாகிவிட்டது. “திங்கக்கிழமை பேசலாம்,” என்றேன். தலையாட்டினார்.

திங்கட்கிழமை அவர் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டார். அந்த வாரமே கொரோனா தொற்றுக்காக எல்லையை மூடிவிட்டார்கள். அம்மாவைத் தனியே விட முடியாமல் அவர் அங்கேயே தங்கினார். போனில் பேசினோம். ஆனால் அந்தப் பதிலைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. பிறகு அங்கேயே ஒரு பழச்சாறு ஆலையில் வேலை கிடைத்தது. எல்லை திறந்தபின் அவருடைய கல்யாணப் பத்திரிகை வந்தது.

போனேன். அவர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீதானாம்மா அது? அப்பவே ஏன் வரல?”

“வேல இருந்துச்சும்மா,” என்றேன்.

இப்போதும் சில மதியங்களில், கூடம் அமைதியாக இருக்கும்போது, பக்கத்து மேசையிடம் ஏதோ சொல்ல வாயெடுத்துவிடுகிறேன். அங்கே இருப்பவர் இயர்போனைக் கழற்றிவிட்டு, “என்ன அக்கா?” என்கிறார்.


“ஒண்ணுமில்ல,” என்கிறேன்.