மழை நாளில் ஓடிய ஆக்சிஜன் மெஷின்

புயல் மழை பிடித்த அன்று மதியமே எங்கள் வேங்கிக்கால் தெருவில் கரண்ட் போய்விட்டது. நான் பதறவில்லை. என் கணவருக்கு நுரையீரல் பழுதாகி, ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் முடியாது என்று ஆனதுமே மாடியில் நான்கு சோலார் பேனல்களும் கீழே பேட்டரிகளும் வைத்திருந்தோம். மெஷின் ராத்திரி முழுக்க பேட்டரியில்தான் ஓடியது.

விடிந்ததும்தான் பயம் வந்தது. பேட்டரியில் சார்ஜ் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. வெளிச்சம் வந்து வெகுநேரமாகியும் மீட்டர் ஏறவில்லை. பேனல் பக்கம் பூஜ்யம் காட்டியது. ஃப்ரிட்ஜ், ஃபேன், லைட் எல்லாவற்றையும் அணைத்தேன். தெருவில் இடுப்பளவு தண்ணீர். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால், தண்ணீர் வடியட்டும் என்றார்கள். அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டரிலும் கொஞ்சம்தான் மீதி.

"சூரியனே காணோம், பேனல் எப்படிமா கரண்ட் குடுக்கும்? மெஷினக் கொஞ்ச நேரம் நிறுத்திப் பாக்கலாமா?" என்றார் அவர், மூக்கில் குழாயோடு, மெதுவாக.

"சும்மா இருங்க. நிறுத்துற பேச்சே வேணாம்" என்றேன். குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

நான் கீழ்பென்னாத்தூரில் இயற்பியல் டீச்சர். பேனலுக்கு வேண்டியது வெயிலின் சூடு இல்லை, வெளிச்சம் என்று வருஷா வருஷம் சொல்லிக்கொடுக்கிறேன். மேகம் சூரியனை மறைத்தாலும், ஒளி சிதறி வானம் முழுவதிலிருந்தும் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். வெயில் நாளில் கிடைப்பதில் கால் பங்கோ அதற்கும் குறைவோ கிடைக்கும். ஆனால் பூஜ்யம் ஆகாது. அன்று மேகத்தில், மாடியிலிருந்து எப்போதும் தெரிகிற மலை கண்ணுக்கே தெரியவில்லை. ஆனாலும் ஜன்னலோரம் புத்தகம் படிக்கிற அளவு வெளிச்சம் இருந்தது. அப்படியானால் கோளாறு வானத்தில் இல்லை.

மழையிலேயே மாடி ஏறினேன். பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் நீலத் தார்பாய் பறந்து வந்து, இரண்டு பேனல்கள் மேல் அப்பிக் கிடந்தது. நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தவை. நான்கு செல் போடுகிற டார்ச்சில் இரண்டு செல் செத்துப்போனால் பல்பு எரியாது. அதே கதைதான். மிச்சம் இரண்டின் வோல்டேஜ் பேட்டரியில் சார்ஜ் ஏற்றப் போதவில்லை.

நான் இழுத்தேன். தண்ணீர் தேங்கிக் கனத்துப்போன தார்பாய் அசையவில்லை. பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரைக் கூப்பிட்டேன். அவர் சுவர் ஏறிக் குதித்து வந்தார்.

"இன்னா டீச்சர், கீழ வுழுந்துடப் போறீங்க! நகருங்க."

"ஒயர் பக்கம் கை வெக்காதீங்க. ஓரத்தப் புடிங்க, மொதல்ல தண்ணியக் கொட்டிடலாம்."

இருவருமாகத் தண்ணீரைச் சாய்த்துவிட்டு இழுத்தோம். தார்பாய் வழுக்கிக்கொண்டு வந்தது. நனைந்த சேலையோடு கீழே ஓடி மீட்டர் முன்னால் நின்றேன். முதலில் நூறு வாட் சொச்சம். மழை தணிந்து வானம் கொஞ்சம் வெளுத்ததும் இருநூறைத் தாண்டி, மெஷின் இழுக்கிற முந்நூறுக்கு வந்தது. இனி பொழுது சாயும்வரை பேட்டரியில் கை வைக்க வேண்டியதில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏறுதா?" என்று கட்டிலில் இருந்தபடி கேட்டார்.

"ஏறுதுங்க. ஜாஸ்தி இல்ல, ஆனா போதும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மார்பு சீராக ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆட்டோக்காரர் வாசலில் நின்று, "சார் எப்படி இருக்காரு?" என்றார். நல்லா இருக்கார் என்று சொல்ல வாயெடுத்தவள் அழுதுவிட்டேன். அவர் தன் வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

மதியத்துக்குமேல் மேகம் இன்னும் விலக, பேட்டரியிலும் கொஞ்சம் சார்ஜ் சேர்ந்தது. ஃப்ரிட்ஜ், ஃபேன் எதையும் போடாததால் அன்றைய ராத்திரி அதிலேயே கழிந்தது. மறுநாள் தண்ணீர் வடிந்து, சாயங்காலம் கரண்டும் வந்தது. அவர் ரசம் சாதம் கேட்டு, இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார்.